லாங்இயர்பியனிலிருந்து பேரன்ட்ஸ்பர்க் வரை: பனிவண்டியும் அதன் செல்ப் மோட்டாரும்

நார்வே நாட்டின் வட கரைக்கும் வட துருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில், ஆர்க்டிக் பெருங்கடலில் கிடக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் சாலை என்று எதுவும் கிடையாது. சுமார் 2,500 பேர் வாழும் தலைமை ஊரான லாங்இயர்பியனில் விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் போய்வரச் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலை போடப்பட்டிருக்கிறது; அதன் எல்லையில் பனிக்கரடியின் படம் வரைந்த எச்சரிக்கைப் பலகை ஒன்று நிற்க, அதற்கப்பால் பள்ளத்தாக்குகளும் பனியாறுகளும் உறைந்த நீரோடைகளுமே வழியாகின்றன. தென்மேற்கே ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரஷ்யச் சுரங்க ஊரான பேரன்ட்ஸ்பர்க்குக்குக் கோடையில் படகிலும், பனி இறுகிக் கிடக்கும் பிப்ரவரி முதல் மே வரையான மாதங்களில் பனிவண்டியிலும் மக்கள் சென்று வருகின்றனர். இந்தப் பாதையில் மார்ச் மாதத்தில் பயணம் செய்வோர் மலைகளையும் கலைமான்களையும் காண்பதோடு, தம்மைச் சுமந்து செல்லும் இயந்திரம் எந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்திருக்கிறது என்பதையும் அறிய நேர்கிறது.

பனிவண்டி என்பது முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்புறம் ரப்பராலான அகன்ற ஓடுபட்டையும் கொண்டு, மோட்டார் சைக்கிளைப் போலக் கைப்பிடியால் திருப்பப்படும் வாகனம். இதன் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான்ட் பாம்பார்டியர் என்பவருடையது. 1934இன் குளிர்காலத்தில், பனியால் வழிகள் அடைபட்டு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாத நிலையில், அவருடைய இளம் மகன் குடல்வால் அழற்சியால் இறந்தான். பனியில் ஓடும் வண்டியைப் பற்றி அதற்கு முன்பே சிந்தித்து வந்த அவர், அதன் பிறகு பலர் அமர்ந்து செல்லக்கூடிய மூடிய பனி ஊர்திகளை உருவாக்கி, 1959இல் ஒருவர் இருவர் செல்லக்கூடிய சிறிய ஸ்கி-டூ வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1968 ஏப்ரலில் அமெரிக்கரான ரால்ப் பிளைஸ்டெட் தலைமையிலான குழு இத்தகைய வண்டிகளிலேயே உறைகடலின் மேல் ஓடி வட துருவத்தை அடைந்தது.

அக்காலத்துச் சிறிய வண்டிகள் பொதுவாகக் கயிற்றை இழுத்தே உயிர்ப்பிக்கப்பட்டன. எஞ்சினின் ஓரத்தில் சுருட்டி வைக்கப்பட்ட கயிற்றின் கைப்பிடியைப் பற்றி வேகமாக இழுக்கையில் எஞ்சினின் அச்சு சில சுற்றுகள் சுழன்று, எரிபொருளையும் காற்றையும் உள்ளே இழுத்துத் தானாக ஓடத் தொடங்கும். கார்களில் மனிதக் கையை விடுவித்தது சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட மின் ஸ்டார்ட்டர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘செல்ப்’ என்ற பெயரில் வழங்கும் மோட்டார் இதுவே. பனிவண்டியில் அது முதலில் கூடுதல் வசதியாக நுழைந்து, எஞ்சின் பெரிதாகப் பெரிதாகத் தேவையாக மாறி, இன்று சுற்றுலாக் குழுக்கள் விரும்பிப் பயன்படுத்தும் நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட கனமான வண்டிகள் பலவற்றில் ஒரே வழியாகவும் ஆகிவிட்டது. அத்தகைய எஞ்சினை ஒரு மனிதர் கயிற்றால் சுழற்றுவது கடினம் என்பதால் கயிறே வைக்கப்படுவதில்லை.

கார் நின்றுவிட்டால் இரண்டு பேர் தள்ள, ஓட்டுநர் கியரைப் போட்டுக் கிளச்சை விட, எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்பது பலரும் அறிந்த உபாயம். பனிவண்டியில் அது செல்லுபடியாகாது. இதில் எஞ்சினின் ஆற்றலை ஓடுபட்டைக்குக் கொண்டு செல்வது ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுகளை ஒட்டிய வேகத்தை எட்டி, மையவிலக்கு விசையால் முதன்மைக் கிளச்சின் தட்டுகள் நெருங்கிய பிறகே அந்தப் பெல்ட் இறுகப் பற்றப்படுகிறது. நின்றுபோன எஞ்சினுக்கும் ஓடுபட்டைக்கும் இடையே ஆகவே எந்தப் பிடிப்பும் இருப்பதில்லை. வண்டியை மலைச்சரிவில் உருட்டிவிட்டாலும் எஞ்சின் அசையாது. பழைய வண்டிகளின் கருவிப் பையில், முதன்மைக் கிளச்சைச் சுற்றிக் கட்டி இழுப்பதற்கென ஒரு துண்டுக் கயிறு இருந்தது இதன் பொருட்டே. கைபேசி அலைவரிசை எட்டாத, பனிக்கரடி நடமாடும் நிலத்தில் இரண்டாவது வழியை நீக்கிவிட்டு ஒரே பொத்தானை நம்பச் செய்வது, எஞ்சினின் அமைதிக்காகவும் புகைக் குறைவுக்காகவும் செய்துகொள்ளப்பட்ட சமரசம்தான் என்றாலும், அதன் விலை குறைவானது என்று சொல்வதற்கில்லை.

லாங்இயர்பியனில் மார்ச் மாதக் காலை வேளைகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பது வழக்கம். 30 வரை இறங்கும் நாட்களும் உண்டு. 1986ஆம் ஆண்டு மார்ச்சில் இங்குள்ள விமான நிலையத்தில் −46.3 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஊரின் விளிம்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு இரவு முழுவதும் குளிரில் ஊறிய வண்டிகளை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கும் வேளையில், வழிகாட்டிகள் பொத்தானை அழுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். அவர்கள் கவனிப்பது எஞ்சின் ஓடுகிறதா என்பதை மட்டுமன்று, அது ஓடுவதற்கு முன்னால் எழும் ஒலியையும்தான்.

சோர்ந்து, இழுத்து இழுத்துச் சுழலும் ஒலி எழுந்தால் குளிர் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஈய அமில பேட்டரி என்பது ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலக் கரைசலுக்கும் இடையே நிகழும் வேதிவினையால் மின்னோட்டத்தைத் தருவது. குளிரில் அந்த வினை மந்தமாவதால், அறை வெப்பநிலையில் தரக்கூடிய உந்துதிறனில் ஏறத்தாழப் பாதியையே அது −18 டிகிரியில் தர முடிகிறது. அதே நேரத்தில் எஞ்சினுக்குள் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுழல்வதற்குக் கூடுதல் விசை கேட்கிறது. வரவு பாதியாகும் நாளில் செலவு இரட்டிப்பாவது போன்ற இந்த நிலையை முன்னிட்டே பேட்டரியின் உறையில் ‘குளிர் உந்து ஆம்பியர்’ என்றொரு எண் அச்சிடப்படுகிறது: −18 டிகிரியில் முப்பது விநாடிகள் தொடர்ந்து, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல், அந்தப் பேட்டரி எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரும் என்பதே அந்த எண்ணின் பொருள். பேட்டரி வாங்கும்போது விலையை விட இந்த எண்ணைப் பார்ப்பவரே வடபகுதியில் விவரம் அறிந்தவராகக் கருதப்படுவார்.

முழுமையாக மின்னூட்டப்பட்ட பேட்டரியின் முனைகளில், ஓய்வு நிலையில், 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்கும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது. இந்த வேறுபாடு குளிர்நாட்டில் இன்னொரு வகையிலும் முக்கியமாகிறது. நிறைந்த பேட்டரியின் அமிலம் அடர்த்தி மிக்கது. −50 டிகிரிக்கும் கீழே சென்றாலன்றி உறையாது. தீர்ந்துபோன பேட்டரியிலோ அமிலத்தின் பெரும்பகுதி தகடுகளோடு வினைபுரிந்து கழிந்துவிடுவதால் எஞ்சுவது தண்ணீரை ஒத்த கரைசலே. அது −10 டிகிரியை ஒட்டியே உறைந்து, விரிந்து, உறையைப் பிளந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து கம்பி கொடுத்து உயிர்ப்பிக்க முயல்வது வெடிப்பில் முடியக்கூடும் என்பதால், பக்கவாட்டில் புடைத்திருக்கும் பேட்டரியை அனுபவமுள்ளோர் தொடுவதில்லை.

வேறொரு காலை ஒலி, மோட்டார் மட்டும் தனியே சீறிச் சுழல, எஞ்சின் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடப்பது. செல்ப் மோட்டாரின் அச்சில் திருகுவரி வெட்டப்பட்டு, அதன் மேல் சிறிய பற்சக்கரம் ஒன்று நகரும்படி அமைந்திருக்கும். மோட்டார் திடீரெனச் சுழலும்போது அந்தப் பற்சக்கரம் தன் நிலைமத்தால் பின்தங்கி, திருகுவரியில் முன்னோக்கி ஏறி, எஞ்சினின் பெரிய பல்வளையத்தைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் பிடித்ததும் தானாகவே பின்வாங்கிவிடும். பென்டிக்ஸ் அமைப்பு எனப்படும் இதற்கு அக்கறை மிகுதியால் கிரீஸ் பூசிவிடுவோர் உண்டு. கிரீஸ் குளிரில் மெழுகாக இறுகி, பற்சக்கரத்தை இருந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, உலர்ந்த மசகுப்பொடி வகையைச் சிறிதளவு தடவுவதே இதற்கு மருந்து. புதிய மோட்டார் தேவையில்லை.

வண்டிகள் அனைத்தும் உயிர்பெற்ற பின் குழு அட்வென்ட்டாலன் என்னும் அகன்ற பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. ‘டாலன்’ என்று முடியும் நார்வேஜியப் பெயர்கள் யாவும் பள்ளத்தாக்குகளைக் குறிப்பவை. நாய்வண்டி ஓட்டுவோரின் கொட்டில்கள் பின்னால் மறைய, வலப்புற மலைமேல் வட ஒளியையும் மேல் வளிமண்டலத்தையும் ஆராயும் ரேடாரின் 32 மீட்டர், 42 மீட்டர் விட்டமுள்ள இரண்டு கிண்ணங்கள் தென்படுகின்றன. அவற்றுக்கருகே உள்ள ஏழாம் எண் சுரங்கம், நார்வே இத்தீவுகளில் கடைசியாக நடத்தி வந்த நிலக்கரிச் சுரங்கமாக இருந்து, 2025 ஜூனில் மூடப்பட்டது. குறுங்கால் கலைமான்கள் காற்று பனியைக் கொண்டுபோன மேடுகளில் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. வண்டிகளின் இரைச்சலுக்கு அவை தலையை நிமிர்த்துவதோடு சரி. மார்ச் 8ஆம் நாளை ஒட்டித்தான் பல மாத இருளுக்குப் பின் சூரிய ஒளி லாங்இயர்பியனின் பழைய மருத்துவமனைப் படிகளைத் தொடுகிறது என்பதால், இந்நாட்களில் மலையுச்சிகள் ஆரஞ்சு நிறத்திலும் பள்ளங்கள் நீல நிறத்திலும் இரண்டு வேறு உலகங்களாகத் தெரிகின்றன.

பக்கப் பள்ளத்தாக்குகளின் வழியே கணவாய் ஏறி இறங்கினால் கோல்ஸ்டாலன் வருகிறது. அதன் கடல்வாயில், 1960களில் கைவிடப்பட்ட குருமான்ட் என்னும் சோவியத் சுரங்கத்தின் நிலக்கரியைக் கப்பலேற்றிய துறையின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. பள்ளத்தாக்கின் நடுவே ஒருமுறை குழு எஞ்சின்களை அணைத்து, தெர்மோஸ் குடுவைகளில் கொண்டுவந்த சூடான பானத்தைப் பருகி அரைமணி நேரம் நின்றபின் மீண்டும் புறப்பட முனைந்தபோது, ஒரு வண்டி மட்டும் மறுத்தது. பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டொலி; அதன்பின் எதுவும் இல்லை. காலையில் எவ்விதக் குறையுமின்றி ஓடத் தொடங்கி, இப்போது எஞ்சினில் வெதுவெதுப்பும் மிச்சமிருக்க நின்றுவிட்ட வண்டியாகையால், குளிரைக் குற்றம் சொல்ல இயலவில்லை.

அந்த ஒற்றைத் தட்டொலி எங்கிருந்து எழுகிறது என்பதில்தான் பிழையறியும் வழியின் தொடக்கம் இருக்கிறது. செல்ப் மோட்டார் எஞ்சினைச் சுழற்ற நூறு ஆம்பியரையும் தாண்டிய மின்னோட்டத்தைக் கேட்கும்; கைப்பிடியில் உள்ள சிறு பொத்தான் அதைத் தாங்காது, உருகிவிடும். ஆகவே பொத்தான் ஒரு சிறு மின்னோட்டத்தைச் சொலினாய்டு என்னும் உறுப்புக்கு மட்டும் அனுப்புகிறது. அதிலுள்ள கம்பிச்சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்க, அத்தண்டு இரண்டு தடித்த செப்பு முனைகளை இணைத்து, பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. தட்டொலி அந்தத் தண்டினுடையது. எனவே பொத்தான், சாவி, ப்யூஸ், ஓட்டுநரின் உடையோடு பிணைக்கப்பட்டு அவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஆகிய சிறு மின்னோட்டப் பாதை முழுவதும் சரியாக இருக்கிறது என்பதை அது அறிவித்துவிடுகிறது. எந்த ஒலியும் எழாதிருந்தால் தேடல் அந்தப் பாதையில் தொடங்கியிருக்கும். ‘டக்டக்டக்’ என்று அடுக்கடுக்காக எழுந்திருந்தால், மோட்டார் மின்னோட்டத்தை இழுத்த கணமே பேட்டரியின் மின்னழுத்தம் சரிந்து சொலினாய்டு விட்டுவிடுவதும், சுமை நீங்கியதும் மீண்டும் பிடிப்பதுமாக அலைகிறது, பேட்டரி சோர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வழிகாட்டி அடுத்து நோக்கியது முகப்பு விளக்கை. பொத்தானை அழுத்தும்போது விளக்கு மங்கினால் பெரும் மின்னோட்டம் எங்கோ பாய்கிறது, ஆனால் போதவில்லை அல்லது மோட்டார் இறுகிக் கிடக்கிறது எனலாம். மங்காமல் அப்படியே எரிந்தால் பெரும் மின்னோட்டம் பாயவே இல்லை. இங்கு விளக்கு மங்கவில்லை. சிறிய மீட்டரால் அளந்தபோது பேட்டரியின் முனைகளில் 12.6 வோல்ட் இருந்தது. பேட்டரி குற்றமற்றது, எனில் பாதை எங்கோ அறுந்திருக்கிறது: சொலினாய்டின் செப்பு முனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் உள்ளே கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கலாம், தடித்த கம்பிகளில் ஏதேனும் ஒன்று தன் இணைப்பில் தளர்ந்திருக்கலாம்.

பலரும் இந்த இடத்தில் மோட்டாரை மாற்றத் துணிந்துவிடுகின்றனர். புதிய மோட்டார் பொருத்திய பின்னும் அதே தட்டொலி கேட்டுத் திகைப்போர் பட்டறைகளில் அரிதல்லர். மின்னோட்டம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து மோட்டாருக்குச் செல்வதோடு கடமை முடிவதில்லை என்பதும், மோட்டாரின் உடலிலிருந்து எஞ்சினின் உலோகத்துக்கும், அங்கிருந்து ‘எர்த்’ கம்பி வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்கும் அது திரும்பியாக வேண்டும் என்பதும் எளிதில் மறக்கப்படுகின்றன. நேர்முனைக் கம்பி சிவப்பாக, கண்ணில் படும்படி இருக்கிறது. எர்த் கம்பியோ எஞ்சினுக்கு அடியில் ஒரே ஒரு போல்ட்டில் முடிந்து, உருகிய பனியும் உப்பும் அழுக்கும் சேரும் இடத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உறைந்த கடற்கழிகளின் மீதும் ஓடும் ஸ்வால்பார்ட் வண்டிகளுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை.

இத்தகைய இணைப்பில் துரு ஏறித் தோன்றும் மின்தடை மிகச் சிறியதாக இருந்தாலும் விளைவு பெரிது. 0.05 ஓம் என்பது சாதாரண மீட்டரில் சுழியம் என்றே தெரியும் அளவு. ஆனால் நூறு ஆம்பியர் அதனூடே பாய முயன்றால் 5 வோல்ட் அந்த இணைப்பிலேயே வீணாகிவிடும். மின்தடை இன்னும் கூடிவிட்டாலோ மோட்டாருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. முகப்பு விளக்கு போன்ற சிறு சுமைகள் வேறு பாதைகளில் திரும்புவதால் அவை எப்போதும் போல ஒளிர்ந்து, எல்லாம் நலம் என்று பொய் சொல்லும். ஆகவே கம்பியை அளக்க வேண்டியது ஓய்வில் அன்று, சுமையின்போதே: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சினின் துப்புரவான உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்தினால், நல்ல இணைப்பில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டும், இந்த வண்டியில் பேட்டரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ முழுவதும் அங்கே தெரிந்தது.

கையுறையைக் கழற்றினால் ஓரிரு நிமிடங்களில் விரல் மரத்துப்போகும் இடத்தில், எஞ்சினின் அடிப்பகுதிக்குள் கை நுழைத்துப் போல்ட்டைத் தேடுவதற்கு முன் உறுதி செய்துகொள்வது நல்லது. இதற்கு வழிகாட்டி கையாண்ட முறை மீட்டர் இல்லாதவருக்கும் பயன்படக்கூடியது. ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கவ்விக் கம்பிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு முனையை அதே வண்டியின் பேட்டரி எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் கவ்வச் செய்து பொத்தானை அழுத்த, மோட்டார் உடனே எஞ்சினைச் சுழற்றியது. எர்த் கம்பிக்கு மாற்றாக ஒரு தற்காலிகப் பாதை கிடைத்ததும் வேலை நடந்துவிட்டதால், குற்றம் வேறெங்கும் இல்லை என்பது உறுதியாயிற்று. சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளைத் திருப்புளியால் குறுக்கே இணைத்துப் பார்க்கும் முரட்டு வழக்கமும் உண்டு. அது சொலினாய்டைச் சோதிக்கும், ஆனால் எர்த் பிழையைக் காட்டாது, பெட்ரோல் ஆவிக்கருகே தீப்பொறியையும் தெறிக்கவிடும். நிதானமான சோதனை இருக்கையில் அதை நாடுவது வீரம் ஆகாது.

எஞ்சினை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின் அடிப்பகுதியில் பார்த்தபோது, எர்த் கம்பியின் வளையம் போல்ட்டின் கீழ் தளர்ந்து, வெண்பச்சைத் தூள் படிந்திருந்தது. கரடுமுரடான கணவாயின் அதிர்வுகளே அதைக் கடைசியாக அசைத்துவிட்டிருக்க வேண்டும். காலையில் ஓடிய வண்டி நண்பகலில் மறுத்ததற்கு வேறு காரணம் தென்படவில்லை. வளையத்தையும் அதன் கீழுள்ள உலோகத்தையும் கத்தியால் பளபளக்கச் சுரண்டி, போல்ட்டை இறுக்கியதும் வண்டி முதல் அழுத்தத்திலேயே ஓடியது. இவ்வளவுக்கும் இடையில் மற்றொரு வழிகாட்டி தோளில் துப்பாக்கியுடன் சற்று உயரமான இடத்தில் நின்று சுற்றிலும் நோக்கிக்கொண்டிருந்தார். ஊரெல்லைக்கு அப்பால் செல்வோர் பனிக்கரடியை விரட்டத் தகுந்த சாதனம் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். நின்றுபோன வண்டி ஒரு குழுவை ஓரிடத்தில் கட்டிப்போடும்போதுதான் அந்தச் சட்டத்தின் பொருள் முழுமையாக விளங்குகிறது.

குரோன்டாலன் பள்ளத்தாக்கு வழியே இறங்கினால் உறைந்த கடற்கழியின் கரையில், மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிய பேரன்ட்ஸ்பர்க் தோன்றுகிறது. 1596இல் இத்தீவுகளைக் கண்ட டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், டச்சு நிறுவனம் ஒன்றிடமிருந்து 1932இல் சோவியத் அரசின் கைக்கு மாறியது. லெனினின் மார்பளவுச் சிலை இன்றும் ஊரின் நடுவில் நிற்கிறது. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் நார்வேக்கு இறையாண்மையையும் கையெழுத்திட்ட பிற நாட்டினருக்குத் தொழில் செய்யும் உரிமையையும் ஒருசேர வழங்கியதன் விளைவே, நார்வே மண்ணில் ரஷ்ய மொழிப் பலகைகள் தொங்கும் இந்தக் காட்சி.

வண்டிகளை இங்கே நிறுத்துகையில் வழிகாட்டிகள் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றனர். கைப்பிடியையும் வேகத்தைக் கூட்டும் விசையையும் சூடேற்றும் மின்கம்பிகளை முதலில் அணைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பிறகே நிறுத்துகின்றனர். ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டை ஒட்டிய அளவு தெரிந்தால் மின்னூட்டம் நடக்கிறது என்று பொருள். ஆயினும் குளிர்ந்த பேட்டரி தருவதில் மட்டுமன்றிப் பெறுவதிலும் மந்தமானது என்பதால், பத்து நிமிட ஓட்டங்களும் அடிக்கடி அணைத்து எழுப்புவதுமாகக் கழியும் நாளில் அது பெற்றதை விட இழந்ததே மிகுதியாக இருக்கும். எஞ்சின் உடனே பிடிக்காதபோது பொத்தானைப் பத்து விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து அழுத்தக் கூடாது, அடுத்த முயற்சிக்கு முன் மோட்டார் ஆற வேண்டும் என்ற விதியும் பேட்டரியையும் மோட்டாரின் சுருள்களையும் ஒருங்கே காப்பதற்கானது. அன்று திரும்பும் பயணத்துக்கு முன், மறுத்த வண்டியின் போல்ட் மட்டுமன்றிக் குழுவிலிருந்த ஏனைய வண்டிகளின் எர்த் போல்ட்டுகளும் ஒவ்வொன்றாகத் திருகுசாவியிட்டு இறுக்கப்பட்டன. அவற்றில் இன்னும் ஒன்று அரைச் சுற்று ஏறியது.